முழம் போட்டு அளக்க முடியாத மலர்

தமிழ்நாட்டுக் குடும்பங்களின் மாதக் கணக்கில் பெரும்பாலும் எழுதப்படாமலே போகும் செலவு ஒன்று உண்டு. பூவுக்கான செலவுதான் அது. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, மின்கட்டணம் எல்லாம் குறிக்கப்படும். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகை குறிக்கப்படுவதில்லை. மறுநாள் காலையில் அது வாடிவிடும். அதை உண்ண முடியாது, உடுக்க முடியாது, சேர்த்து வைக்க முடியாது, திருப்பி விற்கவும் முடியாது. ஆயினும் வருமானம் சுருங்கிய வீடுகளில்கூட இந்தச் செலவு அவ்வளவு எளிதில் நின்றுவிடுவதில்லை. பிறப்பு முதல் இறப்பு வரை பூ இல்லாமல் நிறைவேறும் சடங்கு நம்மிடையே அரிது.

பயன்பாட்டை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இது விந்தையான நடத்தை. மனிதர்கள் வெறும் பயனுக்காக மட்டும் செலவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டால் விந்தை ஏதுமில்லை. பூ எதைத் தருகிறது? அந்த ஆறுதலுக்கு விலை உண்டா? விலை இல்லாத மலர்களை யார் காப்பது? இந்த மூன்று கேள்விகளையும் ஒருங்கே எழுப்பும் இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை அன்றாடம் விலைபேசப்படுகிறது. அதே மலையின் மேல்தளத்தில், கொடைக்கானலைச் சூழ்ந்த புல்வெளிகளில், யாரும் விலைபேசாத குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது.

ஆறுதலின் தொன்மை

மலருக்கும் மனித மனத்துக்கும் உள்ள உறவு எழுத்தைவிடப் பழையது. இஸ்ரேலின் கார்மேல் மலையில் உள்ள ரகெஃபெத் குகையில் ஏறத்தாழ 13,700 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழிகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் அடித்தளத்தில் பூக்களும் செடிகளும் பரப்பப்பட்டிருந்ததற்கான பதிவுகள் களிமண்ணில் எஞ்சியிருந்ததை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். வேளாண்மை வேரூன்றாத காலத்திலேயே, உணவுக்கு உதவாத பூவைத் தேடிப் பறித்து, இறந்தவருக்குப் படுக்கையாக விரித்திருக்கிறார்கள். நம் ஊர்களில் பாடை செல்லும் வழியெங்கும் பூ இறைபடுவதையும், கல்லறைத் திருநாளன்று கிறித்தவக் குடும்பங்கள் கல்லறைகளை மலரால் அலங்கரிப்பதையும், தர்காக்களில் அடக்கத்தலங்களின் மீது பூப்போர்வை சாத்தப்படுவதையும் காணும்போது இந்தத் தொடர்ச்சி விளங்கும். சமயங்கள் வேறு, துயரத்தின் முன் கை நீள்வது பூவை நோக்கித்தான்.

அறிவியலும் இதனை அதன் முறையில் ஆராய்ந்திருக்கிறது. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்த 23 பேர் ஒருபுறம், செங்கல் சுவரை மட்டுமே காண முடிந்த 23 பேர் மறுபுறம். மரங்களைக் கண்டவர்கள் விரைவாக வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 2005-இல் ஜெனெட் ஹாவிலண்ட் ஜோன்ஸ் தலைமையிலான ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழு, பெண்களுக்கு வெவ்வேறு பரிசுகளை வழங்கி அவர்களின் முகத்தில் தோன்றும் புன்னகையைக் கூர்ந்து நோக்கியது. கண்களும் சேர்ந்து சிரிக்கும் உண்மையான புன்னகை, பூங்கொத்தைப் பெற்ற அனைவரிடமும் வெளிப்பட்டதாக அந்த ஆய்வு பதிவு செய்தது. சிறிய ஆய்வுகளைக் கொண்டு பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது. எனினும் பூக்கடைக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்றை ஆய்வுக்கூடம் மறுக்கவில்லை என்ற அளவில் இவற்றை ஏற்கலாம்.

மலரே மொழி

ஆறுதல் என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் கிடைக்கும் இன்பம் மட்டுமன்று. பூ ஒரு மொழி. அதை வாங்குபவரும் பெறுபவரும் ஒரே அகராதியை வைத்திருந்தால்தான் பொருள் பரிமாறப்படும். அத்தகைய அகராதியைத் தமிழர் அளவுக்கு விரிவாக வகுத்துக்கொண்ட சமூகங்கள் அதிகம் இல்லை. நிலத்தையும் அந்நிலத்துக்குரிய காதல் ஒழுக்கத்தையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெரும்பாலும் மலரின் பெயராலும் மரத்தின் பெயராலுமே சுட்டினோம். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் பூக்களின் பெயரை இட்டோம். தேர்தலில் வென்றவர் 'வாகை சூடினார்' என்று இன்றைய நாளேடுகளும் எழுதுகின்றன. எழுதுவோரும் படிப்போரும் வாகைப் பூவைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மலர் மறைந்த பிறகும் அதன் பொருள் மொழியில் தங்கிவிட்டது.

ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் இயல்பை விளக்கக் கபிலர் பாடியதாகக் கூறப்படும் குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 மலர்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. வேற்றுமொழி அரசனுக்குத் தம் பண்பாட்டை அறிமுகப்படுத்த நினைத்த புலவர் அரண்மனைகளைப் பட்டியலிடவில்லை, மலைப்பூக்களைப் பட்டியலிட்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அப்பட்டியலின் தொடக்கத்தில் நிற்பது செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத் தமிழரிடையே கார்த்திகைப் பூ என்ற பெயரில் அது கார்த்திகை மாத நினைவேந்தலோடு பிணைந்திருக்கிறது. பழனி மலையின் வடபுறச் சமவெளியில், ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில், அதே செடி கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடப்படுகிறது. மூட்டுவாத நோய்க்கான கோல்சிசின் என்ற மருந்துப்பொருள் அதன் விதையில் இருப்பதே காரணம். ஒரே பூ ஒருவருக்கு அரசுச் சின்னம், மற்றொருவருக்கு மறைந்தோரின் நினைவு, இன்னொருவருக்குக் கிலோக் கணக்கில் விற்கும் விதை. மலரின் பொருள் இதழில் இல்லை, அதைச் சூழ்ந்து வாழும் மனிதரிடத்தில் இருக்கிறது.

மறுக்கப்படும் மலர்

பொருளை மனிதர்கள்தாம் தருகிறார்கள் என்றால், அதைப் பறிப்பவர்களும் மனிதர்கள்தாம். ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்தபோது ஊரே பூச்சூடுவதை நிறுத்தியதைக் குடவாயில் கீரத்தனார் பாடியிருப்பதைப் புறநானூற்றில் காணலாம். அங்கே பூவை விலக்கியது அனைவருக்கும் பொதுவான துயரம். இளையோர், பாணர் என எல்லாரும் அதில் பங்கு கொண்டனர். பிற்காலச் சமூகம் அந்த விலக்கை ஒரே ஒருத்தியின் மீது, அவள் ஆயுள் முழுமைக்கும் சுமத்தியது. 'பூவும் பொட்டும்' என்ற சொற்றொடர் ஒரு வாழ்த்தாக இருக்கும் அதே வேளையில், கணவனை இழந்த பெண்ணுக்கு அது ஒரு தீர்ப்பாகவும் இருக்கிறது. ஆறுதல் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில், ஆறுதலின் எளிய வடிவத்தை அவளிடமிருந்து பறித்தோம்.

இந்த வழக்கம் தானாக மறைந்துவிட்டது என்று கருதுவதற்கில்லை. மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தின் ஹேர்வாட் ஊராட்சி, கைம்பெண்ணின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது போன்ற சடங்குகளைத் தடைசெய்து 2022 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. கைம்பெண் என்பதற்காக ஒருவரைக் கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுக்க முடியாது என்று 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், ஈரோடு மாவட்ட வழக்கொன்றில், சொல்ல வேண்டியிருந்தது. மலர் தரும் ஆறுதலைப் பற்றிப் பேசுவோர் யாருக்கு அது மறுக்கப்படுகிறது என்பதையும் பேசுவதே நேர்மை.

முழக்கணக்கு

இனி, விலையுள்ள மலருக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை, மல்லிகைச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற 'மதுரை மல்லி', மதுரையில் மட்டும் விளைவதன்று. திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களும் அந்தப் பெயருக்கு உரியவை. விடியுமுன்னரே தோட்டத்தில் இறங்கி, அன்று மாலை விரியவிருக்கும் முற்றிய மொட்டுகளை மட்டும் தேர்ந்து பறிக்க வேண்டும். பிஞ்சு மொட்டைப் பறித்தால் அது மலராது. விட்டுவைத்தால் செடியிலேயே விரிந்து விலை போகாது. சில மணி நேரத்துக்குள் சந்தைக்கும், அங்கிருந்து பிற ஊர்களுக்கும் அது சென்று சேர வேண்டும். உதிரியாக எடைபோட்டு வாங்கிய பூ, கட்டுபவரின் விரல்களில் சரமாகி, முழக்கணக்கில் வீட்டு வாசலுக்கு வருகிறது. கிலோவும் மீட்டரும் சட்டமான நாட்டில், விற்பவரின் முழங்கையே அளவுகோலாக எஞ்சியிருக்கும் வணிகம் இது.

இந்தச் சந்தையின் தனித்தன்மை விலையின் ஊசலாட்டம். முகூர்த்த நாளையொட்டிக் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் அதே மல்லிகை, விசேஷமற்ற நாளில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு இறங்கிவிடும். நெல்லைப் போல் குதிரில் கொட்டிவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. வரத்து மிகும்போது வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலைகள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தின் சுமையைத் தாங்குபவர்கள் சிறு விவசாயிகளும், பறிக்கும் பெண்களும், கட்டும் பெண்களும்தாம்.

இதனுள் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. பூவின் தேவை என்பது மனிதர்கள் ஒன்றுகூடுவதன் தேவை. 2020 மார்ச் மாதப் பொதுமுடக்கத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. செடிகள் வழக்கம்போல் பூத்தன. மக்களுக்குப் பூவின் மீதான ஆசை குன்றிவிடவில்லை. ஆனால் திருமணங்கள் சுருங்கின, கோயில்கள் மூடப்பட்டன, திருவிழாக்கள் நின்றன. பறித்த பூவை விவசாயிகள் கொட்டினார்கள். பலர் பறிக்காமலே விட்டார்கள். நாம் பூவுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி ஒருவருக்கொருவர் காட்டும் அக்கறைக்குக் கொடுக்கும் விலை என்பதை அந்த மாதங்கள் மெய்ப்பித்தன.

பன்னிரண்டு ஆண்டுக் கடிகாரம்

மல்லிகை ஒரு நாளின் மலர் என்றால், குறிஞ்சி ஒரு தலைமுறையின் மலர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 முதல் 2,400 மீட்டர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளில் வளரும் புதர்ச்செடி இது. பழனி மலையின் மேல்தளம், நீலகிரி, மூணாறு ஆகியவை இதன் முதன்மை வாழிடங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாக மட்டுமே நின்று, பின்னர் ஒரு பருவத்தில் சரிவு முழுவதும் ஒருசேர நீலமாகப் பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செடி மடிகிறது. அடுத்த தலைமுறை விதையிலிருந்து எழுகிறது. 1994, 2006, 2018 எனத் தொடர்ந்த வரிசையில் கொடைக்கானல் பகுதியின் அடுத்த பெரும்பூப்பு 2030-இல் வர வேண்டும். குறிஞ்சி இனங்கள் பல. ஆண்டுதோறும் பூப்பவையும் அவற்றுள் உண்டு. இடையிடையே 'குறிஞ்சி பூத்தது' என்று வரும் செய்திகளில் பல, வேறு இனங்களைப் பற்றியவை.

ஏன் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு? ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விதைத்தால், பூச்சிகளும் பறவைகளும் எலிகளும் அனைத்தையும் தின்று தீர்த்துவிடும். நெடுங்காலம் ஒன்றும் தராமல் இருந்து, ஒரே பருவத்தில் அளவின்றி விதைத்தால் தின்பவை தெவிட்டிப்போகும், மிச்சம் முளைக்கும். மூங்கிலுக்கும் இதே விளக்கம் கூறப்படுகிறது. தனிச்செடி ஒன்று தன் முறை தவறிப் பூத்தால் அதன் விதை தப்புவது கடினம். ஆகவே ஒற்றுமையாகப் பூப்பது குறிஞ்சிக்கு அழகுக்கான ஏற்பாடன்று, உயிர்வாழ்வதற்கான ஏற்பாடு.

இந்த ஒழுங்கு மனிதர்க்குக் கடிகாரமாயிற்று. பழனி மலையின் பளியர் மக்கள் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு வயதைக் கணக்கிட்டனர். எத்தனை குறிஞ்சி கண்டோம் என்பதே வாழ்ந்த காலத்தின் அளவு. பொதுவாக ஐந்து அல்லது ஆறு குறிஞ்சிகளே ஒரு மனித வாழ்வுக்குள் அடங்கும். நீலகிரிப் படகர் வாழ்க்கையைக் களமாகக் கொண்டு ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்' நாவலும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின் மீதே காலமாற்றத்தைச் சொல்கிறது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' நாவலைப் படித்தவர்கள் தங்கள் குழந்தைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயரிட்டது தமிழ் வாசக உலகம் நன்கறிந்த செய்தி. அப்படிப் பெயரிட்டவர்களுள் எத்தனை பேர் மலையேறிச் சென்று குறிஞ்சியைக் கண்டிருப்பார்கள்? காணாத மலர் அவர்களுக்கு அரிய பண்பின் உருவமாக விளங்கியது.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-இல் எழுப்பப்பட்டது. இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயம் தழுவி, லீலாவதி என்று பெயர் பூண்ட ஐரோப்பிய வம்சாவளிப் பெண்மணி அதைக் கட்டுவித்தவர். இராமநாதன் 1930-இல் மறைந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் கோயில் எழுந்தது. வேறு மண்ணில் வேர்கொண்ட ஒருவர் கணவரின் மறைவுக்குப் பிறகு ஒரு மலையின் மீது, அம்மலையின் மலர்ப்பெயரைத் தாங்கிய முருகனிடம் வந்து நின்றார். மலர் தரும் ஆறுதல் பிறப்பிடம் கேட்பதில்லை என்பதற்கு இது சான்று.

விருந்தாளி மலர்கள்

மலருலகம் விருந்தோம்பலும் உடையது. வன அலுவலர் பிரையண்ட் 1908-இல் கொடைக்கானலில் வடிவமைத்த இருபது ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு நடைபெறும் மலர்க் கண்காட்சியைக் காண மக்கள் திரள்கிறார்கள். அங்கே கண்ணைக் கவரும் டேலியா மெக்சிகோவிலிருந்தும், பெட்டூனியா தென் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. அவ்வளவு ஏன், ஆயுத பூசைக்கு நாம் தவறாமல் வாங்கும் கேந்திப் பூவின் தாயகமும் அமெரிக்கக் கண்டம்தான். எந்த ஊர்ப் பூ என்று கேட்டு எவரும் ஆறுதல் கொள்வதில்லை.

ஆனால் எல்லா விருந்தாளிகளும் தமக்கு ஒதுக்கிய பாத்திக்குள் நிற்பதில்லை. தோல் பதனிடும் தொழிலுக்கான பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை மரங்கள் பழனி மலையின் புல்வெளிகளில் பரப்பப்பட்டன. தைலமரமும் பைனும் உடன் வந்தன. சீகை மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பயணிகள் ரசித்துப் படம் எடுக்கிறார்கள். அந்த மஞ்சளின் அடியில் குறிஞ்சி முளைக்காது. புல்வெளிக்கு வெயில் வேண்டும். அடர்ந்த நிழல் அதற்குச் சாவு. மேலும் சீகை விதை நெடுங்காலம் மண்ணில் உறங்கிக் கிடந்து, வெட்டினாலும் தீப்பட்டாலும் முன்னிலும் அடர்த்தியாக எழுகிறது.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1973 முதல் 2014 வரை பழனி மலையின் மாற்றத்தை அளந்து 2018-இல் வெளியான ஆய்வின் கணக்கு அதிர்ச்சி தருவது. நாற்பது ஆண்டுகளில் இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காடும், சோலைக் காட்டில் 31 விழுக்காடும் அழிந்துவிட்டன. காடு அழிவதைக் கண்டு பதறும் நாம், புல்வெளி அழிவதைக் 'காடு வளர்ப்பு' என்று கொண்டாடினோம். பழைய நில ஆவணங்களின் பார்வையில் புல்வெளி வெறும் தரிசு. சொற்பொருள் பிழை ஒன்று ஒரு நிலப்பரப்பையே மாற்றிவிட்டது.

இதில் இழப்பு குறிஞ்சிக்கு மட்டுமன்று. சோலையும் புல்வெளியும் சேர்ந்து மழைநீரை உறிஞ்சி மெல்ல விடுவிக்கும் அமைப்பு. பழனி மலையின் தென்சரிவு ஓடைகள் வைகைக்கும், வடசரிவு ஓடைகள் அமராவதிக்கும் நீர் சேர்க்கின்றன. மேலே விலையில்லாத மலர் நிற்கும் நிலம் கெட்டால், கீழே விலையுள்ள மலர் விளையும் நிலத்துக்கும் நீர் குறையும். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் தனித்தனித் திணைகளாக ஏட்டில் இருக்கலாம். நீரோட்டம் அவற்றைப் பிரிப்பதில்லை.

விலையின்மை என்ற ஆபத்து

இந்த அழிவுக்குத் தீய எண்ணம் காரணமன்று. கணக்கு முறையே காரணம். எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவது பொருளியலில் வழக்கம். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கழிவு விகிதம் என்று கொண்டால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 32 ரூபாய்தான். இரண்டாவது பூப்பு வரை, அதாவது 24 ஆண்டுகள் காத்திருந்தால், அது 10 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆண்டுதோறும் வருவாய் தரும் மரத்தோப்போடும் தங்கும் விடுதியோடும் இந்தக் கணக்கில் குறிஞ்சி போட்டியிடவே முடியாது. தோற்பது மலரின் குற்றமன்று. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பலன் தருவதை மாத வட்டியின் அளவுகோலால் அளந்ததன் குற்றம்.

பொருளியலே இதற்கு ஒரு திருத்தத்தையும் வைத்திருக்கிறது. 1967-இல் ஜான் குருட்டிலா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதிய கட்டுரை, ஓர் இயற்கைச் செல்வத்தை நேரில் காணாதவர்களும், இனி காணப்போகாதவர்களும்கூட அது இருக்கிறது என்பதனாலேயே மனநிறைவு அடைகிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டியது. பின்னர் இது 'இருப்பு மதிப்பு' என்று பெயர் பெற்றது. அது இழக்கப்பட்டால் அவர்கள் ஏழ்மையடைகிறார்கள். சந்தையில் ஒரு ரூபாய்கூடக் கைமாறாவிட்டாலும் அந்த இழப்பு மெய்யானது. குறிஞ்சியைக் காணாமலே குழந்தைக்குப் பெயர் வைத்த வாசகர்களும், குறிஞ்சித் திணையைப் பள்ளியில் படித்த கோடிக்கணக்கான மாணவர்களும், கடல் கடந்து வாழும் தமிழர்களும் இந்த இருப்பு மதிப்பின் பங்குதாரர்கள். அவர்களது பங்கு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இதுவரை சேர்க்கப்படவில்லை.

2030-க்கு முன்

நம்பிக்கை தரும் அடிகளும் வைக்கப்பட்டுள்ளன. குறிஞ்சிக்கு 2006-இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் கேரளம் மூணாறு அருகே குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. தமிழ்நாடு 2013-இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்தை உருவாக்கியது. திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இடம்பெற்றதால், அதைக் காட்டிலிருந்து பறிப்பது இப்போது தண்டனைக்குரிய குற்றம். 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது 'அழிவுக்கு உள்ளாகக்கூடிய' இனமாக மதிப்பிடப்பட்டது. பழனி மலை பாதுகாப்பு மன்றம் 1985 முதலும், வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அதன் பின்னும் இம்மலையின் இயல் தாவரங்களுக்காக உழைத்திருக்கின்றன. அருட்தந்தை கே.எம். மத்தேயு 1999-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட பழனி மலைத் தாவரவியல் நூல், எதைக் காக்க வேண்டும் என்பதற்கான அடிப்படை ஆவணமாக நம்மிடம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, எஞ்சியிருக்கும் புல்வெளியைக் காப்பது. சீகையை ஒட்டுமொத்தமாக வெட்டிவிட்டால் புல்வெளி திரும்பிவிடும் என்பது எளிமைப்படுத்தல். பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக எழுந்துகொண்டிருக்கின்றன; அங்கே கோடரி கேடு செய்யும். புல்வெளியின் விளிம்பில் புதிதாக முளைக்கும் இளஞ்சீகையை ஆண்டுதோறும் வேருடன் அகற்றுவது செலவு குறைந்தது, பலன் உறுதியானது. ஆண்டுதோறும் என்ற சொல்தான் முக்கியம். ஒரு நிதியாண்டில் தொடங்கி மறுநிதியாண்டில் நின்றுவிடும் பணியால் பயனில்லை. இந்த வேலையைப் பளியர் உள்ளிட்ட மலைமக்களுக்கு நிலையான கூலியுடன் அளித்தால், மலரைக் கொண்டு வயதைக் கணக்கிட்ட மக்களிடமே அதன் காவலும் வந்து சேரும்.

இரண்டாவது, கூட்டத்தை முன்கூட்டியே திட்டமிடுவது. 2018-இல் மூணாற்றில் பூப்பைக் காணப் பெருங்கூட்டம் எதிர்பார்க்கப்பட்டது. ஆகஸ்ட் மாத வெள்ளமும் நிலச்சரிவும் கேரளத்தை நிலைகுலையச் செய்து அந்தப் பயணங்களைத் தடுத்துவிட்டன. 2030-இல் எதிர்பார்ப்பு அதனினும் மிகும். கைப்பேசிப் படக்கருவியின் பெருக்கம் அதை உறுதிசெய்யும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாள்களுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதிக்கு 6,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. குறிஞ்சிப் பருவத்துக்கெனத் தனி ஏற்பாடு வேண்டும். குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் நடந்து காணும் வாய்ப்பும், வசூலாகும் கட்டணத்தைப் புல்வெளி மீட்புக்கே ஒதுக்கும் விதியும் இப்போதே வகுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, கீழே உள்ள மலர்த் தொழிலாளரை மறவாமை. விலை சரியும் நாள்களில் பூவை வாங்கி வைக்கக் குளிர்பதன வசதி, பறிப்போருக்கும் கட்டுவோருக்கும் நலத்திட்டப் பதிவு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நம் வீட்டு மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் பூ கொண்டுவருபவரின் வாழ்வில் நிச்சயமின்மை சற்றேனும் குறைய வேண்டாமா?

இப்போது பள்ளியில் முதல் வகுப்பில் சேரும் ஒரு குழந்தை 2018-ஆம் ஆண்டுப் பூப்பைக் கண்டிருக்க முடியாது. அதன் முதல் குறிஞ்சி 2030-இல் வரும். இரண்டாவதைக் காணும்போது அது இளைஞராகியிருக்கும். அந்தக் குழந்தைக்குக் குறிஞ்சி என்பது பாடநூலில் வரும் சொல்லாக மட்டும் எஞ்சுமா, மலைச்சரிவில் நேரில் காணும் மலராகவும் இருக்குமா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் நாம் ஒதுக்கும் நிதியும் காட்டும் கவனமும் முடிவு செய்யும்.